கைவிட மாட்டோம்

காலை பதினொன்றுக்குத் துணைத்தலைவர் திரையில் வந்தார்.
பச்சை நாடா கட்டிய கான்வாஸ் ஷூ,
கால் மேல் கால்.
பின்னால் கண்ணாடிக்குள் கம்பெனியின் முதல் பெட்டி,
அருங்காட்சியகத்து எலும்பு போல.

"கன்சோல் தொழிலை ஒருபோதும் கைவிட மாட்டோம்."

மூன்று முறை சொன்னார்.
முதல் முறை நம்பினேன்.
இரண்டாம் முறை, யாரும் கேட்காததற்கு ஏன் பதில் என்று பார்த்தேன்.
மூன்றாம் முறை
பக்கத்தில் நின்ற மார்னி ட்வெய்ட்
தன் காபிக் கோப்பையைத் துடைத்துப்
பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினாறு வருஷமாக இங்கே இருப்பவள்.
பெல்லிங்ஹாமில் மழையைக் கணிக்க ஆள் வேண்டாம்,
தினமும் பெய்கிறது.
இதைக் கணிக்க மார்னி வேண்டும்.

என் இடம் நாலாம் ஆய்வகம். ஜன்னல் இல்லை.
இயந்திரத்தில் ஒரு ரப்பர் விரல், கஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்,
கைப்பிடியின் பொத்தானை அழுத்தும், எடுக்கும், அழுத்தும்.
இருபது லட்சம் தடவை.
அதற்குப் பிறகும் பொத்தான் எழும்பி வந்தால்
ஒரு தாளில் கையெழுத்துப் போடுவேன்.
உறுதி என்று இங்கே நாங்கள் சொல்வது இதைத்தான்:
எத்தனை கிராம் எடைக்கு இறங்கும்,
எத்தனை மில்லி நொடியில் திரும்பும்.
மேல்மாடியில் அதே சொல்லுக்கு
அலகு கிடையாது.

மதியம் திரும்பிவந்த சரக்கில்
மொன்டானாவின் பியூட் நகரத்திலிருந்து ஒரு கைப்பிடி.
யாரும் தொடாமலே இடது குச்சி
மேற்கே மேற்கே போகிறது.
கட்டைவிரல் படும் இடம் வழவழவென்று தேய்ந்து,
இடுக்கில் பொரித்தூள், ஒரு மஞ்சள் பூனை முடி.
கூடவே ஒரு சீட்டு:

"ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து
தூக்கம் வரும்வரை ஒரு மணிநேரம் மீன் பிடிக்கிறேன்,
உங்கள் ஏரியில். எங்கள் ஊர்த் தண்ணீரில் தாமிரம்.
இதுவரை நானூறு விளையாட்டு வாங்கியாயிற்று,
எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கிறது,
என் அலமாரியில் ஒன்றும் இல்லை.
அடுத்த பெட்டிக்குக் காசு சேர்க்கட்டுமா, வேண்டாமா?
யூனிஸ் பெட்ரிச்."

இதற்கு ஓர் அச்சடித்த பதில் எங்களிடம் உண்டு.
இரண்டாம் பத்தி: கைவிட மாட்டோம்.

கைவிட வேண்டுமென்றால்
கை முதலில் எதையாவது பிடித்திருக்க வேண்டுமே.
துணைத்தலைவரின் விரல்கள்
பேச்சு முழுக்க ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன.
விளையாடிப் பழகிய கட்டைவிரல்
அவ்வளவு நேரம் சும்மா இருக்காது.

வியாழக்கிழமை நாற்பத்தொரு பேரின் அட்டைக்குக்
கதவு திறக்கவில்லை.
ஒலிப் பிரிவு முழுவதும்.
பெட்டியைப் போட்டதும் இரண்டு ஸ்வரம் வருமே,
அதைச் செய்த வான்ஸ் கனெஷிரோ
வண்டி நிறுத்துமிடத்தில், மழையில்,
முதல் ஸ்வரத்தைச் சீட்டியடித்தார்.
இரண்டாவதை விட்டுவிட்டுக்
கார்க் கதவைச் சாத்தினார்.

மார்னியின் அட்டை வேலை செய்தது.
கோப்பை இன்னும் பைக்குள்ளேயே.
காகிதக் குவளையில் குடிக்கிறாள்.
அறிக்கை மறுபடி வந்தது, இம்முறை மின்னஞ்சலில்,
"ஒருபோதும்" என்ற சொல் மட்டும் காணோம்.

அன்று இரவு கஸ்
பத்தொன்பது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்தில் இருந்தது.
காத்திருந்தேன்.
இருபது லட்சத்தில் விரல் நின்றது.
பொத்தான்மேல் இருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது.
அழுத்திப் பார்த்தேன். எழும்பியது.
கையெழுத்துப் போட்டேன்.
பிறகு, யாரும் சொல்லாமல்,
எண்ணை முப்பது லட்சமாக மாற்றி
மறுபடி ஓடவிட்டேன்.

யூனிஸுக்கு அச்சுத்தாளை வைக்கவில்லை.
பேனாவால் எழுதினேன்:
"பொத்தான் தாங்கும். பார்த்துவிட்டேன்.
பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது."
பெயர் போடலாமா என்று யோசித்துப்
போட்டேன்.

குச்சியை மாற்றி, பொரித்தூளை ஊதி,
பூனை முடியை மட்டும்
இடுக்கிலேயே விட்டுவிட்டேன்.