பின்பாரம்

ஃப்ளோரெஸ் தீவின் ஓடுபாதை
ஊரை ஒட்டி ஓடிக் கடலைப் பார்த்து நிற்கிறது.
காற்று வடமேற்கு. மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது.
எடைத்தாள் எழுதுகிறவள் நான்.
ஜெர்த்ரூடிஸ் என்று சட்டையில் குத்தியிருக்கிறது,
யாரும் படிப்பதில்லை.

திருவிழா முடிந்து
தெர்செய்ராவுக்குத் திரும்புகிறது வாத்தியக்குழு.
இருபத்தாறு பேர்.
எல்லோருக்கும் கடைசி வரிசைகள்தான் வேண்டுமாம்.
நேற்று ராத்திரியே எவனோ ஒருவன் கைப்பேசியில்
பன்னிரண்டிலிருந்து வால்வரை
இடம் பிடித்து வைத்துவிட்டான்.
முன்னால் ஒரு பாதிரியார்,
பல் பிடுங்கப் போகும் ஒரு பெண்,
அவள் மடியில் கைக்குழந்தை.
நடுவே வெறும் இருக்கைகள்,
பல்லில்லாத ஈறு மாதிரி.

எவ்வளவு என்று கேட்பார்கள் பெட்டி தூக்குகிறவர்கள்.
நான் கேட்பது எங்கே.
ஒவ்வொரு ஆளையும்
அவர் உட்காரும் தூரத்தால் பெருக்கிக்
கூட்டிக்கொண்டே வந்தால்
கடைசியில் தாளில் ஒரு புள்ளி விழும்.
கோடுகளுக்குள் விழுந்தால் பறக்கலாம்.
இன்று அது வெளியே விழுந்தது.
பின்பாரம்.
ஓடுபாதை முடியுமுன்பே
மூக்கு தானாக வானம் பார்க்கும்.
விமானி அழுத்துவார், அது கேட்காது.

வாத்தியார் எர்மீனியோ கைகட்டி நிற்கிறார்.
"காசு கொடுத்த இருக்கை, அம்மணி."
தெரியும்.
"பத்துப் பேர் முன்னால் போனால் போதும்."
"யாரை அனுப்ப? யாரும் போக மாட்டார்கள்."
இரண்டு நாள் ஒயின் இன்னும் இறங்காத முகங்கள்.
எனக்கு இருந்தது பதினோரு நிமிடம்.
எப்படித் தோன்றியதோ, கேட்டேன்:
"மேடையில் எப்படி உட்காருவீர்கள்?"

அவர் சிரிக்கவில்லை.
கையை மட்டும் மெல்லத் தூக்கினார்,
தூக்கிய கைக்குப் பழகிய கூட்டம் அது,
பேச்சு நின்றது.
கிளாரினெட்டுகள் எழுந்து இரண்டாம் வரிசைக்குப் போயின.
புல்லாங்குழல்கள் பாதிரியாருக்குப் பின்னால்.
சாக்சபோன்கள் இறக்கை மேல்.
கார்னெட்காரி ஒதீலியா மட்டும்
டிராம்போன் பையனின் தோளை விட்டு எழ
கொஞ்சம் நேரம் எடுத்தாள்.
ஒரு மணி நேரம்தானே என்றது யாரோ.
அவள் அப்படி நினைக்கவில்லை என்பது
நடந்த விதத்தில் தெரிந்தது.

மறுபடி பெருக்கினேன். புள்ளி உள்ளே வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.
இந்தத் தாளில் மனிதர்களுக்கு மெய்யான எடை கிடையாது.
பெரியவர் என்றால் எண்பத்து நான்கு கிலோ,
அவ்வளவுதான் கணக்கு.
நாணல்போல் இருக்கும் பாதிரியார் எண்பத்து நான்கு.
டூபா வாசிக்கும் எவரிஸ்தோ,
படிக்கட்டு முனகும் எவரிஸ்தோ,
அவரும் எண்பத்து நான்கு.
கடைசி வரிசையில் தனி டிக்கெட்டில்
வார் கட்டி உட்கார்ந்திருக்கும் அந்த டூபாவை மட்டும்
தராசில் வைத்துப் பார்த்தோம்:
பதினொன்று புள்ளி இரண்டு.
உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்ட
ஒரே பயணி.

கேப்டன் கையெழுத்துப் போட்டார்.
வாலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பியை உருவினார்கள்.
எழ வேண்டிய இடத்தில் முன்சக்கரம் எழுந்தது,
சொல்லி வைத்ததுபோல.
மேகத்துக்குள் போனபின் ஒதீலியா
பின்னால் நடந்து போயிருப்பாள்.
போகட்டும்,
அந்த உயரத்தில் ஒருத்தி நடப்பதை
சக்கரத்தை அரைவிரல் திருப்பி
விமானமே பொறுத்துக்கொள்ளும்.

கூடம் காலி.
விளக்கை அணைக்குமுன்
பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்,
செருப்போடு.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.

மீதி இருபத்திரண்டு புள்ளி ஆறு கிலோ
இத்தனை வருடமாக நான் பறந்தபோதெல்லாம்
என் பெயரில் ஏறியிருக்கிறது.
எந்த எவரிஸ்தோ
அதைச் சுமந்தபடி
பின் வரிசையில் வியர்த்தாரோ.