தர்ஸ்பி, எ.

செஸ்டர்ஃபீல்டில் மாதா கோயில் கோபுரமே
முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறது.
பச்சை மரத்தில் கட்டினார்களாம், ஈயத்தகட்டின் பாரமாம்,
ஆளுக்கொரு காரணம்.
எனோக் தர்ஸ்பியின் பந்து ஏன் திரும்பியது என்று
ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

இடக்கை. சுரங்கத்தில் கரி வாரி
நடுவிரல் சற்றே வெளிப்புறம் சாய்ந்த இடக்கை.
1907 ஜூனில், கூண்டு மேலே வந்ததும்
முகம் கழுவ மட்டும் நேரம் கொடுத்து
ரயிலேற்றினார்கள்.
முதல் ஆட்டம் மூன்று நாளும் மழை.
ஒரு பந்து வீசாமல் ஐந்து பவுன்!
மனைவி ஆடா ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தாள்.

ஆட்ட அட்டையில்
திரு. எல். ஜி. ஆர். பெல்ஹாம்-ரூக்:
பெயரை இழுக்க முன்னால் மூன்று எஞ்சின்.
கூலிக்கு ஆடுகிறவனுக்கு ஒற்றை எழுத்து,
அதுவும் பின்னால், கார்டு பெட்டி மாதிரி.
அப்பா எழுத்தை முன்னால் சுமந்தே வளர்ந்த எனக்கு
இது பிடிபட அரைநாள் ஆயிற்று.
வாசல் வேறு, பந்தி வேறு,
புல் மட்டும் ஒன்று.

ஆறு கோடை. பதினான்கு ஆட்டம்.
விக்கெட் பத்தொன்பது. ஓட்டம் நாற்பத்தொன்று,
அதில் நான்கு அவனுக்கே தெரியாமல்
மட்டை விளிம்பில் பட்டுப் போனது.
ஸ்லிப்பில் நின்று பெல்ஹாம்-ரூக் நழுவவிட்டவை
எந்தக் கணக்கிலும் இல்லை.
"நேரம் சரியில்லை, தர்ஸ்பி" என்பாராம்.
"ஆமாங்க" என்று
பந்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வானாம்.

1912 ஆகஸ்டில் இங்கேதான், குவீன்ஸ் பார்க்கில்,
பதினோரு ஓவர், ஒன்பதில் ஓட்டமே இல்லை.
வாரக் கடைசியில் கடிதம்: இனித் தேவையில்லை, நன்றி.
திங்கட்கிழமை கூண்டு இறங்கியது.

நூலகத்தில் ஸ்கோர் புத்தகத்தைக் கையுறை மாட்டித் திருப்புகிறேன்.
அவன் கட்டத்தில் எழுத்தே இல்லை, வெறும் புள்ளி.
எதிராளி அசையாத பந்துக்கு ஒன்று,
ஓவருக்கு ஆறு.
மெய்க்குத்தான் புள்ளி, உயிர் ஏறினால் போய்விடும் என்று
ஒன்றாம் வகுப்பில் படித்தது
இந்த ஊரில் வந்து உறுத்துகிறது.

கடைசி ஓவர், ஆறாவது புள்ளி:
எழுதியவர் பென்சிலை அழுத்திவிட்டார் போல,
தாளில் பொத்தல்.
பக்கத்தைப் புரட்டினால்
அது வேறு யாரோ அடித்த
சதத்தின் நடுவில் இருக்கிறது.