பதினெட்டாம் மாதம்

முக்கூடல் மேலத்தெரு. கரண்ட் இல்லை.
போன மாசம் வந்தபோது
பிரம்மசக்தி மடியில் பீடித்தட்டு,
பிள்ளையின் இடுப்புக்கயிறு ஜன்னல் கம்பியில்.
"தூளை அள்ளித் தின்னுருதான் நர்சக்கா,
என்ன செய்யச் சொல்லுதிய?"

அட்டையில் ஒரு கட்டம்:
இரண்டு சொல்லாவது பேசுகிறதா.
பேருலதான் பேச்சிமுத்து, என்றாள். சிரிக்கவில்லை.

அவன்கிட்ட பேசு, என்றேன்.
"ஆயிரம் பீடி. எங்க நேரம்?"
கைதானே சுத்துது, வாய் சும்மாதானே.
சொன்ன பிறகு அந்தச் சொல்
பஸ் வரைக்கும் என்னைக் குத்தியபடி வந்தது.
வாசலில் திரும்பி நின்று சொன்னேன்,
எண்ணுவேல்லா, அதைச் சத்தமா எண்ணு.

இன்று ஜன்னலில் கயிறு இல்லை.
தட்டு கட்டில்மேல் ஏறிவிட்டது.
தரையில் அவன், ஒரு டம்ளர்,
நாலைந்து காலி நூல்கண்டு.
இருபத்திமூணு, இருபத்திநாலு என்று நிறுத்தி
நூலைப் பல்லில் கடித்தபடி அவனைப் பார்க்கிறாள்.
அவன் என் பையைப் பார்க்கிறான். எடை மெஷினைப் பார்க்கிறான்.

"கத்து."

"கட்டுங்கான்," என்கிறாள்; பிறகு அவசரமாக,
"கயித்தை இல்லக்கா. பீடிக்கட்டை."

ஒரு சொல்.
கட்டத்தில் இரண்டு கேட்டிருக்கிறது.
அடுத்த வீடு ஆற்றுக்கு அந்தப்பக்கம்.
பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஒண்ணு, என்று
மறுபடி ஆரம்பிக்கிறாள்.