செயல்விளக்கம், மதியம் இரண்டரை மணி

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
இன்ஜின் உறையாதிருக்க, மூக்கில் மின்வயர் தொங்க
வரிசையாய் நிற்கின்றன பிக்கப் வண்டிகள்.
உள்ளே, ஐஸ் ஹாக்கி மைதானத்தின் மேல் பலகை விரித்து
வட டகோட்டா தானிய விவசாயிகளின் ஆண்டு மாநாடு.
நடக்க நடக்கக் கால் மட்டும் குளிர்கிறது.

வருகிறவர்கள் முதலில் ஒரு பை வாங்குகிறார்கள்,
பிறகு அதை நிரப்பப் புறப்படுகிறார்கள்.
விதைக் கம்பெனித் தொப்பி, களைக்கொல்லிக் கம்பெனித் தொப்பி,
பேனா, அளவு நாடா,
வங்கி கொடுக்கும் ஈ அடிக்கிற மட்டை.
ஜனவரியில் ஏது ஈ என்று ஒருவரும் கேட்பதில்லை.
வங்கி கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
மூன்றாம் வரிசையில் ஒரு பையன்
அதையே ஏழு வண்ண வரைபடமாக்கி
மாதச் சந்தாவுக்கு விற்கிறான்.
நல்ல கூட்டம்.

என் இடம் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கம்.
தன்னார்வத் தீயணைப்புக்காரி நான்;
தீ இல்லாத நாட்களில் பட்டாணியும் டியூரம் கோதுமையும்.
டிரெய்லர் மேல் ஒரு குட்டிக் குதிர்,
முன்பக்கம் கண்ணாடிச் சுவர்,
பாதி வரை மக்காச்சோளம்.
இரண்டரை மணிக்கு ஒருவரை உள்ளே இறக்கி,
இடுப்பு வரை புதைத்து,
மீட்டுக் காட்டுவோம்.

பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள் வருவார்கள்.
சிரித்தபடி இறங்குவார்கள்,
முழங்கால் தாண்டியதும் சிரிப்பு நிற்கும்.
அந்த இடத்தில் மைக்கை நிறுத்திவிடுவேன்.
அதுதான் பாடம்.

வெர்லின் ஸ்காடன் நாலு வருஷமாக வருகிறார்.
கடைசி வரிசைக்குப் பின்னால், காபிக் கோப்பையோடு.
நின்று பார்ப்பார்; ஒன்றும் கேட்கமாட்டார்.
குதிருக்குள் யாரும் இல்லை என்று
அவர் முகம் சொல்லிக்கொண்டே இருக்கும்.
மூன்று மணிக்கு விலை நிலவரப் பேச்சுக்குப் போய்விடுவார்.
எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.
அன்றைக்கு ஏணியில் ஏறியவர்களில் நானும் ஒருத்தி.

இந்த வருஷம்,
யார் வருகிறீர்கள் என்று நான் கேட்டு முடிக்குமுன்
கோப்பையைக் கண்ணாடியோரம் வைத்தார்.
பையை என்னிடம் நீட்டினார்.
அறுபத்து மூன்று வயது, இடது முட்டி செயற்கை;
வேண்டாம் என்று சொல்ல எனக்கு விதியே இருந்தது.
சொல்லவில்லை.

சோளம் சரிந்தது.
கணுக்கால், முழங்கால், தொடை.
கயிற்றை இழுத்தோம்; தராசின் முள்
முந்நூற்று நாற்பது பவுண்டில் நின்றது.
அவர் நகரவில்லை.
"இன்னும் கொஞ்சம்," என்றார், "நெஞ்சு வரைக்கும்."
"இடுப்போடு சரி, வெர்லின்."
"கையைத் தூக்க முடியுதான்னு பார்க்கணும்."
தூக்கினார், இரண்டு கையும்,
உத்தரத்தில் எதையோ எட்டுகிறவர் போல.
முன்வரிசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.
"முடியுது," என்றார், யாரிடமோ.

தகடுகளை ஒவ்வொன்றாய்ச் சுற்றி இறக்கி,
உள்ளே இருந்த சோளத்தை உறிஞ்சி எடுக்க
ஆறு நிமிஷம், பதினெட்டு விநாடி.
கைதட்டினார்கள்.
எதற்கென்று தெரியாமல் தட்டுகிற தட்டல்.

படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார்.
உதிர்ந்த மணிகளைப் பொறுக்கி,
பலகை இடுக்கில் விழுந்ததையும் விரலால் நெம்பி எடுத்து
குதிருக்குள் திரும்பப் போட்டார்.
பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:
"இது சோளம்.
அன்னைக்கு இருந்தது கோதுமை.
கோதுமை இன்னும் இறுக்கும்."

பையை வாங்கிக்கொண்டார்.
மணி மூன்று ஐந்து;
விலைப் பேச்சு தொடங்கியிருக்கும்.

மறுநாள் காலை தானியக் கிடங்குக்குப் போன் செய்தேன்.
அடுத்த மாநாட்டுக்கு நாற்பது புஷல் கோதுமை வேண்டும்,
விற்க இல்லை, என்றேன்.
விற்றாலும் ஒன்றும் தேறாது,
விழுந்துதானே கிடக்கிறது,
எவ்வளவு வேண்டுமோ அள்ளிக்கொள் என்றான்.