தேதிக்கு விட்ட இடம்

நகோயாவில் காய்ச்சல் கண்டு
அயாசே ரின்ஸோ போய்விட்டார் என்று
மீன்படகோடு வந்தது சேதி.
முதலில் யாரும் அழவில்லை.
பதிப்பாளர் கன்பெய்
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்:
"விடிவதற்குள் கடையில் தொங்க வேண்டும்.
எதிர்க்கடைக்காரன் பலகை வாங்கிவிட்டான்."

செத்த நடிகருக்கென்றே ஒரு நீலம் உண்டு எங்களிடம்.
அரிசி களைந்த நீரில்
அவுரி ஒரு சொட்டு விழுந்தாற்போல.

நான் தலை செதுக்குபவன்.
ஆடை, ஜெபமாலை, எழுத்தெல்லாம் மற்றவர் கை.
நெற்றியில் மயிர் தொடங்குமிடத்தில்
ஓர் அரிசி அகலத்துக்கு ஐந்து கோடு நிறுத்துவேன்.
அந்த மூக்கை முப்பது முறை வெட்டியிருக்கிறேன்,
திருடனாக, துறவியாக,
மகனைக் கொல்லும் தகப்பனாக.
அன்றிரவுதான் அவராகவே வெட்டினேன்.
வேடமில்லாத முகத்தில்
எங்கே நிற்பதென்று கத்திக்குத் தெரியவில்லை.

இறந்த நாள்?
"இடம் விடு. தெரிந்ததும் துண்டு மரம் செருகலாம்."

மதியத்துக்குள் இருநூறு போயிற்று.
எண்ணெய்க்கடை ஓஷினோ மூன்று வாங்கினாள்.
ஒன்று அழ,
ஒன்று மடித்து வைக்க,
மூன்றாவது எதற்கென்று சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மழையில்
குடையில்லாமல் வந்து நின்றார் ரின்ஸோ.
கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான்.
"எனக்கொன்று."
கன்பெய்க்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
வெகுநேரம்.
திட்டுக்குக் காத்திருந்தோம்.
"தாடை பரவாயில்லை.
கண்ணுக்குக் கீழே இந்தக் கோடு,
இதை இதுவரை எவனும் போட்டதில்லை.
யார் வேலை?"
நான்தான் என்றேன்.
தூக்கக் கலக்கத்தில்
வெட்ட மறந்து நின்ற மரம் அது என்பதை
சொல்லவில்லை.

வெற்றிடத்தில் விரல் வைத்து, "இது?"
"தேதி, ஐயா."
சிரித்தாரா இருமினாரா தெரியாது.
பதினாறு காசை எண்ணி வைத்தார்,
வேண்டாமென்றும் கேட்கவில்லை.
"பலகையை இழைத்துவிடாதீர்கள்" என்று சொல்லி
படத்தை மார்புத்துணிக்குள் செருகிக்கொண்டு
தோத்தோன்போரி மழைக்குள் இறங்கினார்.

அந்தக் கோடையில் பேயாக நடித்தார்.
உட்கார இடமில்லை.
கடைசித் தூணில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்:
வெள்ளை மாவு முகத்தில்
கண்ணுக்குக் கீழே
மையால் இழுத்த ஒரு கோடு.

மயிரிழை தள்ளிப் போட்டிருந்தார்.