கட்டட எண் 0417

வளாக வரைபடத்தில் அதன் பெயர் 0417.
பயன்பாடு: கிடங்கு.
நிலை: மோசம்.
உடைந்த நாற்காலிகள், யாரும் தேடி வராத சைக்கிள்கள்,
கொஞ்ச காலம் உளவியல் துறையின் எலிகள்.
அதற்கெல்லாம் முன்னால்
பென்சில்வேனியாவின் இந்தச் சோளமேட்டில்
நூற்றெழுபத்தாறு வருஷம் க்ரேபில் குடும்பம்.

பன்னிரண்டு பேர் குழு. குறிப்பெழுதுபவள் நான்.
எனக்கு வாக்கு இல்லை, பேனா உண்டு.

கட்டடக் கலைஞர் ராய்ஸ் திரையில் காட்டினார்
கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை;
அதன் வாசலில் நடக்கிற மாணவர் எல்லாருக்கும்
ஒரே உயரம்.
மாரிட் எங்கல் பதில் பேசவில்லை.
உத்தரத்தைத் துளைத்தெடுத்த ஓக் குச்சியை
மேசைமேல் வைத்தாள். பென்சில் கனம்.
"வளையங்களை எண்ணியாயிற்று.
மரம் விழுந்தது 1794, பனிக்காலம்."
தொட்டுப் பார்க்க
பொருளாளர்கூடக் கை நீட்டினார்.

மூன்றாம் கூட்டத்துக்கு வெர்னா வந்தாள்,
அந்த வீட்டில் பிறந்த கடைசி ஆள்.
பால் லாரி ஓட்டுகிறாள்.
அழுவாள் என்று நினைத்து
காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தோம்.
அவள் சொன்னது, நான் எழுதியபடி:

"வடக்கு அறையில் ஜனவரி ராத்திரி
கிளாஸ் தண்ணீர் கல்லாகிவிடும்.
அம்மாவுக்கு அந்தச் சமையலறை பிடிக்கவே பிடிக்காது.
விற்றபோது அப்பாவின் கை நடுங்கவில்லை.
இடிப்பதும் வைப்பதும் உங்கள் பாடு.
கிணறு ஒன்று உண்டு, உங்கள் கார் நிறுத்தத்துக்கு அடியில்.
அதை ஒழுங்காக மூடினீர்களா?"

யாருக்கும் தெரியவில்லை.

ஏழுக்கு ஐந்து.
வீடு பிழைத்தது, இடம் பிழைக்கவில்லை:
நானூறு மீட்டர் தள்ளி வைக்கத் தீர்மானம்.

எல்வுட் ஸ்னாவ்லியின் ஆட்கள்
அடியில் இரும்பைச் செருகி
அறுபத்துநான்கு சக்கரத்தில் வீட்டை ஏற்றினார்கள்.
மாடி ஜன்னல் விளிம்பில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து
"சிந்தினால் கூலி வேண்டாம்" என்றான் எல்வுட்.
சிக்னல் கம்பத்தைக் கழற்றி வழிவிட்டார்கள்.
காபிக் கோப்பையோடு ஒருவன்
பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டான்.
சாயங்காலம் நிலை சேர்ந்தது.
தண்ணீர் அப்படியே இருந்தது.

மனை அமைப்புக்காகத் திருப்பி வைத்ததில்
வடக்கு அறை தெற்கு பார்த்தது.
இருநூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து
அதற்கு வெயில் கிடைத்தது.
வெர்னாவிடம் சொல்லியிருக்கலாம்.

நிலவறை மட்டும் வரவில்லை.
குழியைத் தூக்க யாரிடமும் இயந்திரம் கிடையாது.
ஜல்லி லாரி வரும்வரை மூன்று வாரம்
வானம் பார்த்துக் கிடந்தது.
ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில்,
கம்பி வேலியை விலக்கி இறங்கினேன்.
பதின்மூன்று கல்படிகள், நடுவில் தேய்ந்தவை.
சுண்ணாம்புச் சுவரில் ஒரே ஆணி.
கல்விளிம்பில் ஜாடிகள் நின்ற வட்டங்கள்,
ஒன்றையொன்று கொஞ்சம் மிதித்தபடி.
மேலே ஜூன் மாதம், புல்வெட்டும் சத்தம்.
கீழே என் கைமுடி சிலிர்த்தது.
உருளைக்கிழங்கு வாசனை இருந்தது,
அல்லது இருந்ததாக இப்போது எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டார்,
குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா?
நாற்பத்தோரு பக்கம்.
நிலவறை என்ற சொல் எதிலும் இல்லை.
எழுதுகிறவள் திருத்தம் சொல்லும் வழக்கமில்லை.
இல்லை என்று எழுதினேன்.

கிணற்றைப் பற்றி
இன்னும் பதில் வரவில்லை.