தேடியதேட்டம்

"எந்தச் சோதினைக்கு?"
போட்டோக்கொப்பிக் கடை நிரோஜன் கேட்டான்,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும்
சுருள்கம்பியில் கோத்தபடி.
ஒரு சோதினைக்கும் இல்லை.
"அப்ப அங்கை ஆர் இருக்கினம்?"
ஒருத்தரும் இல்லை என்றேன்.
மிச்சக் காசைத் தரும்போது
என்னை இன்னொருதரம் பார்த்தான்.

ஜேர்மன் படித்தால் கலியாணம்.
பிரெஞ்சு படித்தால் தம்பி எடுத்துவிடுவான்.
ஹவாய் மொழி படிக்க
இந்த ஊரில் ஒரு காரணமும் கிடையாது.
போன வருடம் பாஸ்க் தொடங்கி
பத்தொன்பதாம் நாள் வினைச்சொல்லிடம் தோற்றேன்.
அதற்கு முந்திய ஐஸ்லாந்து
ஒரு வணக்கமும் ஒரு மீனுமாய்
நாக்கில் மிஞ்சிக் கிடக்கிறது.

இது வேறு.
மெய்யெழுத்து எட்டே எட்டு.
அதிலும் ஒன்று சத்தமே இல்லாதது:
தொண்டைக்குள் ஒரு கதவு
சாத்தித் திறப்பது.
புத்தகம் அதற்கு ஒரு சின்னக் கொக்கி போடுகிறது.
குசினிக்குள் இரகசியமாய்ச் சொல்லிப் பார்த்தேன்;
விக்கல் என்று நினைத்து
பக்கத்து வீட்டு வதனி
செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

தண்ணீர்: வை.
இரண்டுதரம் சொன்னால், வைவை: சொத்து.
கிணற்றில் எட்டிலொரு பங்குக்கு
பதினாறு வருடம் வழக்காடுகிற எங்களுக்கு
இதற்கு விளக்கவுரை எதற்கு?

பகலில் நான் கச்சேரியடியில்
நொத்தாரிசு அருமைத்துரையிடம் உறுதி எழுதுகிறவள்.
பரப்பு, குழி, நாலெல்லை,
வடலி, வழிவாய்க்கால்.
ஆகையால் பதினாலாம் பாடம் வந்தபோது
சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.

"என்னுடைய" என்பதற்கு அங்கே இரண்டு சொல்.
கொ’உ: தாய் தகப்பன், உடம்பு, பெயர், நிலம், வள்ளம்.
க’உ: புருஷன், பிள்ளை, சோறு, புத்தகம்.
நூலாசிரியர் மூன்று பக்கம் விளக்கிக் களைத்து
பிறமொழியாருக்கு இது கடினம் என்கிறார்.
நான் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
முதுசம். தேடியதேட்டம்.

வைகாசியில் வந்தது
மொன்றியல் அண்ணாவின் அற்றோணித் தத்துவம்.
கோண்டாவில் வீடு, ஆறு பரப்பு, கிணறு, பயன்தரு மரங்கள்.
"நீயே எழுதினா பீஸ் மிச்சம்" என்றான்.
நானே எழுதினேன்.
முதுசவழியில் உரித்தாகி ஆண்டனுபவித்து வருவதுமான
என்று தொடங்கி
கிழக்கு ஒழுங்கை,
வடக்கு இரத்தினேஸ்வரியும் பங்காளரும்,
மேற்கில் கை நின்றுவிட்டது.

பதினாலாம் பாடத்தின் அடிக்குறிப்பு:
கழுத்தில் போடுகிற மாலை கொ’உ.
விற்கவென்று கட்டிய மாலை க’உ.
அதே பூ. அதே நூல்.

அப்படியென்றால் வீடு எந்த இடத்தில் மாறுகிறது?
கையொப்பத்திலா,
காசு எண்ணும்போதா,
"விப்பம்" என்று அண்ணா
முதன்முதல் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை
நானும் "ஓம்" என்றேனே,
அதிலா?

"என்ன பிள்ளை, எல்லை பிழையோ?"
"இல்லை ஐயா, இலக்கணம்."
அருமைத்துரை கண்ணாடியை மூக்கில் ஏற்றி
முழு உறுதியையும் வாசித்து
ஓரிடத்தில் ஒற்று மிகுமென்று
ஒரு 'க்' போட்டுத் தந்தார்.

இப்போது கொக்குவிலில் வாடகை அறை.
நான் என்ன சொன்னாலும் வதனிக்குக் கேட்காது.
முப்பத்தோராம் பாடம் நடக்கிறது.
மொழிக்கு எந்த "என்னுடைய" என்று
புத்தகம் சொல்லவில்லை,
அல்லது அந்தப் பக்கம்
போட்டோக்கொப்பியில் விழவில்லை.

தமிழுக்குக் கொ’உ போட்டேன். யோசிக்கவில்லை.
இதற்கு,
நாளுக்கு ஆறு சொல், ஆறில் நாலு மறதி,
பேச ஓர் ஆளில்லாமல்
சல்லிசல்லியாய்ச் சேர்த்த இதற்கு,
பிழையென்றால் பிழை,
க’உ என்றேன்.

விக்கல்
இந்தமுறை சரியாக வந்தது.